சிவாஜி கணேசனும் மாறிவரும் படச் சாதனங்களும்

தென்னிந்திய ரயில் பாதைகளின் படத்தை எடுத்துப் பார்ப்பவர்கள் விழுப்புரத்தை ஒரு பெரிய சந்திப்பு நிலையமாகவே அறிவார்கள். வடக்கே திண்டிவனம் வழியாகச் சென்னைக்கும், தெற்கே திருச்சிக்கும், மேற்கே திருவண்ணாமலை வழியாகக் காட்பாடிக்கும், கிழக்கே புதுச்சேரிக்கும் அங்கிருந்து பாதைகள் பிரிகின்றன. அவ்வூரில் 1928-ஆம் வருஷம் அக்டோபர் மாதம் 1-ந் தேதி, ரயில்வேயில் ஊழியம் பார்த்து வந்த ஒருவரின் குடும்பத்தில் பிறந்த குழந்தைதான் பிற்காலத்தில் நடிகர் திலகம் என்று தமிழகமெங்கும் கொண்டாடப் பெற்ற சிவாஜி கணேசன். வி. சி. கணேசன் என்று அவர் கையெழுத்திட்டபோது அதில் முதலாவதாக நின்ற எழுத்து விழுப்புரத்தைக் குறித்தது.

அவருடைய நடிப்பின் சிறப்பை நாம் புதிதாக எடுத்துரைக்க வேண்டுவதில்லை. அதைப் பற்றி எத்தனையோ பேர் எழுதிவிட்டார்கள். இன்று அவருடைய சரித்திரத்தை வேறொரு நோக்கில் ஆராய விரும்புகிறோம். நாடக மேடை, சினிமாக் கொட்டகை, கிராமபோன் தட்டு, வீடியோ கேசட், வட்டத் தகடு, இப்போது கைப்பேசி என்று பல சாதனங்கள் ஒன்றன்பின் ஒன்றாய் வந்து அவரைத் தமிழ் ஜனங்களிடம் கொண்டு சேர்த்தன. ஒவ்வொரு சாதனம் தோன்றியபோதும், இனிப் பழையது ஒழிந்தது என்று வியாபாரிகள் முரசறைந்தார்கள். ஒவ்வொரு முறையும் பழையது அவர்கள் எதிர்பார்த்ததைவிட நெடுநாள் நிலைத்து நின்றது. புதியது தெளிவிலும் வசதியிலும் மேம்பட்டதாயிருந்தும் பழையதை அகற்ற முடியாமல் தவிப்பது ஏன்? இக்கேள்விக்கு கணேசனின் வாழ்க்கையைவிடத் தெளிவான விடையை வேறெங்கும் காண்பது அரிது என்பது நமது கருத்து.

அவருடைய தந்தை சின்னையா மன்றாயர் தேச விடுதலைப் போராட்டத்தில் ஈடுபட்டுச் சிறை சென்றவர். மகன் பிறந்த நாளிலேயே தந்தை கைதானார் என்பது அக்குடும்பத்தில் வழங்கும் செய்தி. தாயார் ராஜாமணி அம்மாள் குழந்தைகளைக் காப்பாற்றப் பட்ட பாடு கொஞ்சமல்ல. குடும்பம் திருச்சிக்குக் குடிபெயர்ந்தது. அங்கே சிறுவன் கணேசன் ஒரு நாள் கட்டபொம்மன் கூத்தைக் கண்டான். அன்று அவன் உள்ளத்தில் விழுந்த வித்து பிறகு பட்டுப் போகவில்லை. ஏறக்குறைய ஏழு வயதில், தாய் தந்தையர் இல்லாத பிள்ளை என்று சொல்லிக்கொண்டு அவன் ஒரு பாய்ஸ் நாடகக் கம்பெனியில் சேர்ந்தான் என்பது யாவரும் அறிந்த கதை.

அக்காலத்து நாடகக் கம்பெனிகள் கடுமையான குருகுலங்களாக இருந்தன. விடியற்காலையில் எழுந்து பாடம் ஒப்பிக்க வேண்டும். பாடவும் ஆடவும் கற்க வேண்டும். பெண் வேஷமோ, அரசன் வேஷமோ, எது கிடைத்தாலும் மறுக்காமல் கட்ட வேண்டும். கொட்டகையின் கடைசி வரிசையில் தரையில் அமர்ந்திருப்பவனுக்கும் சொல் சிதையாமல் கேட்க வேண்டும். கணேசனின் கணீரென்ற உச்சரிப்பும், கண்ணும் புருவமும் சேர்ந்து பேசும் முகபாவமும் இப்பள்ளியில் அமைந்தவையே.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். தமிழில் முதலாவது பேசும் படமாகிய காளிதாஸ் 1931-ஆம் வருஷமே வந்துவிட்டது. கணேசன் நாடகக் கம்பெனியில் சேர்ந்தபோது சினிமா பேசத் தொடங்கிச் சில வருஷங்கள் ஆகியிருந்தன. புதிய சாதனம் வந்தவுடன் பழையது மாய்வது இயற்கையாயின், அச்சிறுவன் மாயும் தொழிலில் அல்லவா போய்ச் சேர்ந்தான்? ஆனால் நடந்தது வேறு. பேசும் படம் தனக்கு வேண்டிய கதையையும், பாட்டையும், நடிகர்களையும் நாடகத்தினிடமே கடன் வாங்கியது. வள்ளி திருமணமும் பவளக்கொடியும் மேடையில் பெயர் பெற்ற பிறகே திரையில் ஏறின. மேடையை அறிந்த ஜனங்கள், அதே சரக்கு புதிய பாத்திரத்தில் வந்தபோதுதான் அதை வாங்கினார்கள். மேடையும் பல வருஷ காலம் திரையோடு கூடவே வாழ்ந்தது.

கணேசனுக்குச் சிவாஜி என்ற பெயர் வந்ததும் மேடையினால்தான். அண்ணாதுரை எழுதிய சிவாஜி கண்ட இந்து ராஜ்யம் என்ற நாடகத்தில் அவர் மராட்டிய வீரராக நடித்ததைக் கண்டு, பெரியார் ஈ. வெ. ராமசாமி 1946-ஆம் வருஷத்தில் அப்பெயரை அவருக்குச் சூட்டினார். 1677-ல் சத்ரபதி சிவாஜி கைப்பற்றிய செஞ்சிக் கோட்டை திண்டிவனத்துக்கு மேற்கே, விழுப்புரத்துக்கு வடமேற்கே அண்மையில்தான் இருக்கிறது. தம் பிறந்த மண்ணோடு தொடர்புடைய ஒரு வீரரின் பெயரையே அவர் ஆயுள் முழுவதும் தாங்கினார்.

1952-ஆம் வருஷம் அக்டோபர் 17-ந் தேதி பராசக்தி வெளிவந்தது. அதுவும் மேடையில் நடந்த நாடகமே. மெலிந்த தேகமுடைய இந்தப் புதியவர் கதாநாயகனுக்கு ஏற்றவரல்லர் என்று சிலர் ஆட்சேபித்தபோது, தயாரிப்பாளர் பி. ஏ. பெருமாள் முதலியார் விட்டுக்கொடுக்காமல் நின்றார். மு. கருணாநிதியின் வசனத்தை கணேசன் பேசிய விதம் நாட்டை உலுக்கிற்று. படத்தின் வசனங்கள் கிராமபோன் தட்டுகளாக விற்றன. கொட்டகையில்லாத ஊர்களிலும் ஒலிபெருக்கிக் குழாய் வழியாக அவர் குரல் கேட்டது. முகம் காணாத ஜனங்கள் குரலை மனப்பாடம் செய்தார்கள்.

நாம் கூறும் தத்துவம் மிகத் தெளிவாக விளங்குவது வீரபாண்டிய கட்டபொம்மன் விஷயத்தில். திருச்சியில் சிறுவனாகக் கண்ட கூத்தை அவர் மறக்கவில்லை. தம் சொந்த நாடக மன்றத்தின் மூலம் 1957-ல் அதை நாடகமாக்கி ஊர் ஊராக நடித்தார். அதன் பின்பே பி. ஆர். பந்துலு 1959-ல் அதைப் படமாக்கினார். வண்ணப் படமாகிய அதன் பிரதிகள் லண்டனில் டெக்னிகலர் முறையில் செய்யப்பட்டன. மறு வருஷம் கெய்ரோவில் நடந்த ஆசிய–ஆப்பிரிக்கப் பட விழாவில் கணேசன் சிறந்த நடிகர் என்ற பரிசைப் பெற்றார். கூத்து நாடகமாயிற்று, நாடகம் படமாயிற்று, படம் பின்னர் ஒலித்தட்டும் கேசட்டும் ஆயிற்று. ஒவ்வொரு புதிய சாதனமும் பழையதன் செல்வத்தைத் தோளில் சுமந்து வந்ததனாலேயே வாசலுக்குள் அனுமதிக்கப்பட்டது. உச்ச புகழில் இருந்த காலத்திலும் அவர் மேடையைத் துறக்கவில்லை. வியட்நாம் வீடும் தங்கப்பதக்கமும் மேடையில் நடிக்கப்பட்டு, 1970-லும் 1974-லும் படங்களாக வந்தன.

இனி வண்ணத்தையும் அகன்ற திரையையும் பார்ப்போம். 1959-லேயே வண்ணத்தின் அழகைத் தமிழர்கள் கண்டுவிட்டார்கள். ஆயினும் பாவமன்னிப்பு, பாசமலர், பாலும் பழமும் ஆகிய மூன்றும் 1961-ல் கறுப்பு வெள்ளையிலேயே வந்து ஜனங்களைக் கண்ணீர் விட வைத்தன. ஒன்பது வேஷங்களில் அவர் தோன்றிய நவராத்திரி 1964-ல் வந்ததும் கறுப்பு வெள்ளையில்தான். வண்ணச் சுருளின் விலை அதிகம். கறுப்பு வெள்ளையால் கதைக்கு நஷ்டம் இல்லை. இவ்விரண்டையும் சீர்தூக்கிப் பார்த்தே பட முதலாளிகள் நடந்துகொண்டார்கள்.

சினிமாஸ்கோப் எனப்படும் அகன்ற திரை அமெரிக்காவில் 1953-ல் தோன்றியது. தமிழில் அம்முறையில் எடுக்கப்பட்ட முதற்படம் கணேசன் நடித்த ராஜராஜ சோழன். அது வந்தது 1973-ல். இடையே இருபது வருஷங்கள் கழிந்தன. அதற்குப் பின்னும் பழைய அளவுப் படங்களே நெடுநாள் வரை மிகுதியாக வந்துகொண்டிருந்தன. காரணம் யாது? அகன்ற படத்தைக் காட்டுவதற்குப் புதிய கண்ணாடி வில்லை வேண்டும்; திரையை மாற்ற வேண்டும்; கொட்டகையின் அமைப்பையே சில இடங்களில் மாற்ற வேண்டும். ஒரே யந்திரத்தை வைத்துக்கொண்டு, சுருள் மாற்றும் போதெல்லாம் இடைவேளை விட்டு, மணல் தரையில் ஜனங்களை அமர்த்திப் படம் காட்டிய டூரிங் கொட்டகைக்காரர் இதற்கெல்லாம் எங்கே போவார்?

விழுப்புரத்து ஜனங்களுக்கு இதை ரயில் பாதையைக் கொண்டே விளக்கலாம். மீட்டர் கேஜைவிட அகன்ற பாதை மேலானது என்பதில் ஒருவருக்கும் சந்தேகமில்லை. எனினும் பாதையை அகலப்படுத்தினால் வண்டிகளையும், பாலங்களையும், நடைமேடைகளையும் மாற்றியாக வேண்டும். அதனால்தான் சென்னைப் பாதை 1990-களில் அகலமான பிறகும், மயிலாடுதுறைக் கிளையும் காட்பாடிக் கிளையும் அகலமாகி வண்டி ஓடுவதற்கு 2010-ஐ ஒட்டிய காலம் வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. அளவு மாறுகிறது என்றால் அதனோடு பிணைந்த அத்தனையும் மாறுகிறது. படச் சாதனங்களின் கதையும் இதுவே.

இப்போது வீட்டுக்குள் புகுந்த சாதனங்களுக்கு வருவோம். அதற்கு முன்னுரையாக, திண்டிவனம், விழுப்புரம், செஞ்சிப் பகுதிகளில் உயிரோடிருக்கும் தெருக்கூத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். திரௌபதி அம்மன் திருவிழாக்களில் பாரதக் கூத்து விடிய விடிய நடக்கும் பிரதேசம் இது. இறந்தவர்களின் கருமாதியை ஒட்டிய இரவில் கர்ண மோட்சம் ஆடுவது இங்குள்ள பழைய வழக்கம். கொடையால் உயர்ந்த கர்ணன் போர்க்களத்தில் வீழ்ந்து மோட்சம் அடைவதைக் கண்டால் இறந்தவரின் ஆன்மாவும் நற்கதி பெறும் என்பது நம்பிக்கை. அழுத குடும்பத்துக்கு அந்த இரவைக் கழிப்பதற்கு அது ஒரு துணையும் ஆகும்.

பந்துலுவின் டைரக்‌ஷனில் கணேசன் கர்ணனாக நடித்த படம் 1964 பொங்கலன்று வெளிவந்தது. 1980-களில் வீடியோ டெக்கு கிராமங்களுக்கு வந்தபோது, பல ஊர்களில் துக்க வீட்டு வாசலில் கர்ணன் படம் போடும் வழக்கம் உண்டாயிற்று. கூத்துக் குழுவுக்குக் கொடுக்க வசதியில்லாதவர்கள், ஒரு டெலிவிஷன் பெட்டியையும் டெக்கையும் வாடகைக்கு எடுத்துத் தெருவில் வைத்தார்கள். விழுப்புரத்தில் பிறந்த நடிகர், தம் மண்ணின் கூத்துக்கு இவ்வாறு ஒரு மாற்றாள் ஆனார். அவ்வூர்களில் டெக்கு நுழைந்ததற்கு யந்திரத்தின் நேர்த்தியைவிடப் பெரிய காரணம், அது ஜனங்கள் ஏற்கெனவே போற்றிய கர்ணனைக் கொண்டுவந்தது என்பதே. ஆனால் கூத்து மாண்டுவிடவில்லை. இறந்தவரின் பெயரைச் சொல்லி வாழ்த்தவும், உறவினரை முன்னிறுத்தி அழவும், கேசட்டால் முடியுமா? யந்திரம் செய்ய முடியாத ஒரு பணியைப் பழைய சாதனம் செய்துவரும் வரையில், அதற்கு அழிவில்லை.

டெக்கு உலகத்திலும் ஒரு பெரும் போட்டி நடந்தது. ஜப்பானில் சோனி ஸ்தாபனம் 1975-ல் பீட்டாமாக்ஸ் முறையையும், ஜே.வி.சி. ஸ்தாபனம் 1976-ல் வி.எச்.எஸ். முறையையும் கொணர்ந்தன. படத்தின் தெளிவில் பீட்டா சற்று மேல் என்று பெயர். ஆனால் தொடக்கத்தில் அதில் ஒரு மணி நேரமே பதியலாம். மற்றதில் இரண்டு மணி நேரம் பதியலாம். இதனாலும், பல கம்பெனிகள் வி.எச்.எஸ். யந்திரங்களைச் செய்ததனாலும், பீட்டா பின்னடைந்தது. நம் நாட்டில் புழங்கிய வி.எச்.எஸ். கேசட்டில் மூன்று மணி நேரம் அடங்கும். பாட்டும் சண்டையும் கலந்த ஒரு முழுத் தமிழ்ப் படத்துக்கு இது சரியான அளவு. ஆயினும் தோற்றதாகச் சொல்லப்பட்ட பீட்டாவின் கேசட்டுகளைச் சோனி 2016 மார்ச் வரையில் விற்றுக்கொண்டிருந்தது. நாற்பது வருஷங்களுக்கு மேல் அதை விடாமல் பற்றியிருந்தவர்கள் உலகத்தில் இருந்தார்கள்!

லேசர் டிஸ்க் எனப்பட்ட பெரிய தகடு 1978-லேயே அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது. அதன் படம் கேசட்டைவிடத் தெளிவானது. ஆனால் அதில் வீட்டார் எதையும் பதிந்துகொள்ள முடியாது, விலையோ அதிகம். கேசட் எளியவனுக்கு இரண்டு வகையில் உதவிற்று: வாடகைக்கு எடுத்துப் படம் பார்க்கலாம், தன் வீட்டுக் கலியாணத்தையும் பதிந்து வைத்துக்கொள்ளலாம். இதனால் தென்னாற்காடு ஜில்லாவிலும் ஊருக்கு ஊர் கேசட் கடை தோன்றியது. லேசர் டிஸ்க்கின் பெயரைக்கூட நம் ஜனங்களில் பெரும்பாலோர் கேட்டதில்லை.

கேசட்டை அசைத்தது வி.சி.டி. தகடு. 1993-ல் வகுக்கப்பட்ட இம்முறையின் படம் கேசட்டைவிடச் சிறந்தது என்று கூற முடியாது. வேகமான காட்சிகளில் கட்டம் கட்டமாகச் சிதறும். ஒரு தகட்டில் ஒன்றேகால் மணி நேரத்துக்குச் சற்று அதிகமாக மட்டுமே அடங்கும். ஆகையால் ஒரு தமிழ்ப் படத்துக்கு இரண்டு மூன்று தகடுகள் வேண்டும். இருந்தும் அது வென்றது. தகடு மலிவு, யந்திரம் மலிவு, நாடா சிக்கிக்கொள்ளும் தொல்லை இல்லை, பூஞ்சைக் காளான் பிடிக்கும் பயம் குறைவு. தெளிவில் உயர்ந்த லேசர் டிஸ்க் தோற்றது. தெளிவில் தாழ்ந்த வி.சி.டி. வென்றது. இதைவிடச் சான்று வேறென்ன வேண்டும்? ஆனால் கலியாணங்களைப் பதியும் வேலையில் மாத்திரம் கேசட் பின்னும் பல வருஷங்கள் நீடித்தது. அவ்வேலைக்கு அப்போது எளிய மாற்று இல்லை.

வி.சி.டி. உச்ச நிலையில் இருந்த அக்காலத்தில்தான், 2001 ஜூலை 21-ந் தேதி, சிவாஜி கணேசன் சென்னையில் தமது 72-வது வயதில் காலமானார். அவர் நடித்த படங்கள் 280-க்கும் அதிகம். பத்மஸ்ரீ, பத்மபூஷண் விருதுகளும், 1995-ல் பிரெஞ்சு சர்க்காரின் செவாலியர் விருதும், 1996-ஆம் வருஷத்துக்கான தாதா சாகேப் பால்கே விருதும் அவரை அடைந்தன. அரசியல் மாத்திரம் அவருக்குக் கைகொடுக்கவில்லை. காங்கிரஸிலும் பின்னர்த் தாம் தொடங்கிய கட்சியிலும் உழைத்து, 1989 தேர்தலில் திருவையாற்றில் தோல்வி கண்டார். தோல்விக்குப் பின்னும் திரையில் அவர் மதிப்புக் குன்றவில்லை என்பதைத் தேவர் மகனைக் கண்டவர்கள் ஒப்புவார்கள்.

அவர் மறைந்த பின் டி.வி.டி. பரவிற்று. இதன் வெற்றிக்கு ஒரு நுட்பமான காரணம் உண்டு. டி.வி.டி. யந்திரம் பழைய வி.சி.டி. தகடுகளையும் ஓட்டியது. ஆகவே புதியதை வாங்கியவன் பழைய சேமிப்பை எறிய வேண்டியதில்லை. அப்படியிருந்தும் வி.சி.டி. உடனே விலகவில்லை. 2007-ல் மோசர் பேர் ஸ்தாபனம் வி.சி.டி.யை 28 ரூபாய்க்கும் டி.வி.டி.யை 34 ரூபாய்க்கும் விற்கத் தொடங்கியது. வித்தியாசம் ஆறு ரூபாய்! விலை இப்படி நெருங்கி வந்தபோதுதான் சாமானியன் மனம் புதியதன் பக்கம் சாய்ந்தது.

2006-ல் உலகச் சந்தைக்கு வந்த ப்ளூ-ரேயின் கதி வேறு. எச்.டி. டி.வி.டி. என்ற எதிரி 2008-ல் களத்தை விட்டு அகன்ற பின்னும் அது எளிதில் தலையெடுக்கவில்லை. அமெரிக்காவிலேயே, அது தோன்றிப் பத்து வருஷம் ஆன பிறகும் டி.வி.டி. தகடுகளே அதிக எண்ணிக்கையில் விலை போயின. நம் நாட்டில் கேட்கவே வேண்டாம். பழைய குழாய் டெலிவிஷன் பெட்டியில் அதன் நுட்பம் புலப்படாது; அதை அனுபவிக்கப் பெட்டியையே மாற்ற வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, கணேசனின் பாசமலரையோ பாலும் பழமுமையோ பார்க்க விரும்புகிறவனுக்கு ப்ளூ-ரே என்ன தரும்? மூலச் சுருள் கீறலும் கறையும் பட்டிருந்தால், எவ்வளவு உயர்ந்த தகட்டில் ஏற்றினாலும் கீறலே தெளிவாகத் தெரியும். கிணற்றில் இருந்தால் அல்லவா வாளியில் வரும்!

2016-ஆம் வருஷத்தில் மூன்று காரியங்கள் நிகழ்ந்தன. ப்ளூ-ரேயைவிட நான்கு மடங்கு நுட்பமான தகடு சந்தைக்கு வந்தது. உலகத்தில் கடைசியாக வீடியோ டெக்கு செய்துகொண்டிருந்த ஜப்பானிய ஸ்தாபனமாகிய ஃபுனாய் அத்தொழிலை நிறுத்திற்று. இந்தியாவில் ஜியோ மலிவான இணையத்தைக் கொண்டுவந்தது. இம்மூன்றில் எது திண்டிவனத்துக் கடைத்தெருவை மாற்றியது என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. தகட்டுக் கடைகள் கைப்பேசிக் கடைகளாயின. மிக நுட்பமான தகட்டைக் கண்ணாலும் காணாத ஜனங்கள், அதைவிடத் தெளிவு குறைந்த படத்தைக் கையகலக் கண்ணாடியில் திருப்தியுடன் பார்த்தார்கள். அங்கே வேண்டியபோது வேண்டிய படம், பெரும்பாலும் தனி விலையின்றி, கிடைத்தது.

ஜனங்கள் அறியாமையால் பழையதைப் பற்றிக்கொண்டிருக்கிறார்கள் என்று சிலர் இகழ்வதுண்டு. இது சரியல்ல என்பது மேற்கூறியவற்றால் விளங்கும். அவர்கள் ஒவ்வொரு முறையும் மூன்று கேள்விகளைக் கேட்டிருக்கிறார்கள். நான் நேசிக்கும் பொருள் இதில் இருக்கிறதா? என்னிடம் உள்ள கருவியோடு இது பொருந்துமா? என் சம்பாத்தியத்துக்கு இது கட்டுபடியாகுமா? மூன்றுக்கும் ஆம் என்ற பதில் கிடைத்தபோது அவர்கள் தயங்கவில்லை. கிடைக்காதபோது, எவ்வளவு மினுமினுப்பான பொருளாயினும் வாங்கவில்லை. இதைவிடச் சிறந்த விவேகம் வேறில்லை.

ஆனால் இந்த விவேகத்தால் தடுக்க முடியாத ஒரு நஷ்டம் உண்டு. சாதனம் மாறும்போது ஏற்றப்படாமல் விடுபட்டது மறு கரை சேர்வதில்லை. தென்னிந்தியாவின் முதல் ஊமைப்படமாகிய நடராஜ முதலியாரின் கீசகவதம் இன்று இல்லை. முதலாவது பேசும் படமாகிய காளிதாஸும் இல்லை. தென்னாட்டு ஊமைப்படங்களில் மார்த்தாண்ட வர்மா ஒன்றுதான் முழுப் படமாக நம் கையில் எஞ்சியிருக்கிறது. புனாவில் தேசியத் திரைப்படக் காப்பகம் அமைந்தது 1964-ல். கர்ணன் வெளிவந்ததும் அதே வருஷம். அப்படியிருந்தும் 2012 மார்ச்சில் கர்ணனைப் புதுப்பித்து மீண்டும் வெளியிட முயன்றவர்கள், சிதைந்த சுருளோடும் மங்கிய ஒலியோடும் நெடுங்காலம் போராட வேண்டியிருந்தது. அவ்வுழைப்பு வீணாகவில்லை. நாற்பத்தெட்டு வருஷத்துப் பழைய படம் சென்னையில் நூறு நாட்களுக்கு மேல் ஓடி, புதுப் படங்களை நாணச் செய்தது. அகன்ற திரைக்காகப் படத்தின் மேலும் கீழும் வெட்டியது நமக்கு முழுச் சம்மதமில்லை. ஆயினும் பொருள் பிழைத்தது என்பதே பெரிது.

கணேசனுக்கு நாம் சிலை வைத்தோம். 2017 அக்டோபர் 1-ந் தேதி சென்னையில் மணிமண்டபமும் திறந்தோம். இவை நியாயமானவையே. ஆனால் நடிகனின் உடல் அவன் படச் சுருள். அது சுகமாக இருந்தால் அவன் வாழ்கிறான். அவருடைய 280-க்கும் மேற்பட்ட படங்களில் எத்தனை நல்ல மூலப் பிரதியோடு இருக்கின்றன என்று ஒரு கணக்கு எடுக்க வேண்டும். அவற்றைக் குளிர்ந்த, ஈரமற்ற அறையில் வைத்துக் காப்பாற்றவும், மூலச் சுருளிலிருந்தே உயர்ந்த அளவில் புதிய பிரதி செய்யவும் தமிழ்நாட்டில் ஒரு காப்பகம் அமைய வேண்டும். இது ஒரு நடிகருக்குச் செய்யும் உபசாரம் அன்று. ஒரு ஜாதியின் பேச்சும், நடையும், அழுகையும், சிரிப்பும் அவற்றில் பதிந்திருக்கின்றன.

சர்க்காரின் கடமையைச் சொன்னோம். நமது நேயர்களின் கடமையையும் சொல்லிவிடுகிறோம். விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் சுற்றுக் கிராமங்களிலும் எத்தனையோ வீடுகளின் பரண்மேல் பழைய கலியாண கேசட்டுகள் கிடக்கின்றன. இன்று இல்லாத தாத்தா அதில் சந்தனம் கொடுத்துக்கொண்டிருக்கிறார். மறைந்துபோன அத்தை ஆரத்தி எடுத்துக்கொண்டிருக்கிறாள். அதைப் போட்டுப் பார்க்க டெக்கு இல்லை. டெக்கு இருந்தால் பழுது பார்க்க ஆள் இல்லை. நாடாவில் பூசியிருக்கும் காந்தத் தூளோ ஈரத்திலும் வெயிலிலும் நாளுக்கு நாள் உதிர்ந்துகொண்டிருக்கிறது. சிவாஜி கணேசனின் கர்ணனை மீட்கப் பல பேர் முன்வந்தார்கள். உங்கள் தாத்தாவை மீட்க உங்களைத் தவிர வேறு ஒருவரும் வரமாட்டார்கள். பழைய யந்திரம் வைத்திருப்பவர் ஒருவரேனும் ஊரில் இருக்கும்போதே அவற்றைப் புதிய சாதனத்துக்கு மாற்றிக்கொள்ளுங்கள். மாற்றிய பின்னும் பழையதை எறிந்துவிடாதீர்கள். அடுத்த சாதனம் எது, அது எப்போது வரும் என்பதை இன்று யாரும் அறியார்; அது வரும்போது ஏற்றி அனுப்புவதற்கு நம்மிடம் சரக்கு இருக்க வேண்டும்.